சீருக்குப் போன மல்கோவா

எலப்புள்ளிக்குக் கிழக்கே அர்த்தநாரியின் தோட்டத்தில் வாங்கிய மாஞ்செடி பட்டுப்போனது என்று எவரும் வந்து சண்டை போட்டதில்லை. அந்த ஒரு விஷயத்தில் மனிதர் சுத்தம். கணவாய்க் காற்று ஆளையே சாய்த்தாலும், கிணறு வற்றினாலும், ஆடு மேய்ந்துவிட்டுப் போனாலும் அவர் செடி மறுபடி துளிர்த்து நிற்கும். காரணம் அடிச்செடி. நெல்லியாம்பதி மலையடிவாரத்தில் யாரும் சீந்தாத காட்டு மாமரங்களின் கொட்டைகளை மூட்டை கட்டிக்கொண்டு வந்து முளைக்கப் போடுவார். முளைத்து நாலு இலை விட்டதும் தண்ணீரை நிறுத்திவிடுவார். சாகிறது சாகட்டும், மிஞ்சினதுதான் செடி என்பது அவர் கட்சி. மிஞ்சினதைப் பாறையில் வைத்தாலும் வேர் விடும். ஆனால் அந்தக் காட்டு மரத்துப் பழம் இருக்கிறதே, அணில்கூட ஒரு கடி கடித்துவிட்டு வாயைக் கிளையில் தேய்த்துக்கொள்ளும். அத்தனை புளிப்பு, அத்தனை நார். அதனால் என்ன, அதற்குத்தானே ஒட்டு.

தோட்டத்தின் நடுவில் ஒரே ஒரு மல்கோவா நின்றது. அவருடைய அப்பா சேலத்திலிருந்து கொண்டுவந்து வைத்தது. அதைச் சுற்றி மூங்கில் பரண். காட்டுச் செடிகளைச் சட்டியோடு பரணில் ஏற்றி, தண்டில் ஒரு விரல் நீளத்துக்குப் பட்டையைச் சீவி, மல்கோவாக் கிளையிலும் அதே மாதிரி சீவி, இரண்டு காயத்தையும் சேர்த்து வாழைநாரால் கட்டி, மேலே சாணியும் செம்மண்ணும் பூசிவிட வேண்டியது. மூன்று மாதத்தில் இரண்டும் ஒரே உடம்பாகிவிடும். பிறகு காட்டுச் செடியின் தலையை வெட்டுவார்கள். மல்கோவாக் கிளையைத் தாயிடமிருந்து அறுப்பார்கள். காட்டுக் கால், மல்கோவாத் தலை. சேர்ந்த இடத்தில் வீங்கினாற்போல் ஒரு தழும்பு இருக்கும். வாங்க வருகிறவர்கள் அதைத் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுக் காசை அவிழ்ப்பார்கள்.

கஷ்டம் என்னவென்றால் தாய் மரம் வருசத்துக்கு ஒரு நூறு கட்டுத்தான் தாங்கும். கடலை போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் எல்லாம் மாந்தோப்பு வைக்கப் புறப்பட்ட காலம் அது. வாசலில் வண்டி வண்டியாக ஆள். அர்த்தநாரி யோசித்தார். இவர்கள் பழத்தையா பார்க்கிறார்கள்? தழும்பைத்தானே பார்க்கிறார்கள்? ஆகவே காட்டுச் செடியைக் காட்டுச் செடியோடே கட்டினார். அதே சீவல், அதே வாழைநார், அதே சாணி. தழும்பும் அதே அழகு. இலையைப் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடியவர்கள் என்று நாலு பேர் உண்டு. அதற்காக, "வெயிலுக்கு ஆகாதுங்க" என்று சொல்லி எல்லா இலையையும் உருவிவிட்டே விற்றார்.

நிஜமான நூறும் யாருக்குப் போயின என்று கேட்டால், அதிலும் ஒரு நீதி வைத்திருந்தார். போலீஸ் இன்ஸ்பெக்டருக்கு நிஜம். வில்லேஜ் ஆபீசருக்கு நிஜம். எடுத்ததற்கெல்லாம் கேஸ் போடும் கல்பாத்தி வக்கீலுக்கு, தேர்ந்தெடுத்த நிஜம். யாரைப் பார்த்து பயப்பட வேண்டுமோ அவர்களுக்கு மல்கோவா. மற்றவர்களுக்குத் தழும்பு.

மாமரத்து மோசடியில் ஒரு சௌகரியம் உண்டு. பிடிபட வருசக்கணக்காகும். அதற்குள் வாங்கினவன் செத்திருப்பான், அல்லது செடி வாங்கின ஞாபகம் செத்திருக்கும். இரண்டும் சாகாமல் ஒருத்தர் வந்து சேர்ந்தார். வண்டிப்பெரியார் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி மிக்கேல்ராஜ். மலையிறங்கி, பஸ் மாறி மாறி வந்து, தேயிலைப் பெட்டி ஒன்றிலிருந்து வைக்கோலை விலக்கி ஒரு பழத்தை எடுத்து அர்த்தநாரியின் கயிற்றுக் கட்டிலில் வைத்தார்.

"அண்ணாச்சி, இத ஒரு வாய் தின்னு பாரும்."

"எதுக்குங்க? நா பாக்காத மல்கோவாவா?"

"மல்கோவாவா! எங்க லயத்து வீட்டுல ஒருத்தன் பன்னி வளக்கான். அந்தப் பன்னி மோந்து பாத்துட்டு என் மூஞ்சியப் பாத்துச்சு வே. நீரு கூடவா ஏமாந்துட்டீருங்கற மாதிரி."

அர்த்தநாரிக்குக் கோபமே வரவில்லை. அதுதான் அவர் தொழிலின் சூட்சுமம். காய்ச்சல்காரனைப் பார்க்கிற வைத்தியர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"ஒட்டுக்குக் கீழ துளிர் வந்துச்சுங்களா?"

"கீழன்னா?"

"தழும்புக்குக் கீழ."

"செடின்னா துளிர் வராமலா இருக்கும்?"

"வருமுங்க. கிள்ளுனீங்களான்னு கேட்டேன்."

கங்காணி தலையைச் சொறிந்தார். "கிள்ளுனேன். அப்பப்ப கிள்ளத்தான் செஞ்சேன். ஒருக்கா மட்டும் என் வீட்டுக்காரி இருதயம்மாளுக்கு முடியலைன்னு மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். ஒரு மாசம் அங்கனயே கெடந்தோம்."

அர்த்தநாரி கண்ணை மூடித் திறந்தார். "அந்த மாசத்துலதானுங்க போயிருக்குது. காட்டுக் கால் கீழயிருந்து கெளம்பி, மேல இருந்த மல்கோவாவத் தின்னுபோட்டுது. செடி மேல தப்பில்லீங்க."

மிக்கேல்ராஜ் கட்டிலில் இருந்த பழத்தை எடுத்து மறுபடி வைக்கோலுக்குள் வைத்தார். பெண்டாட்டியையும் மல்கோவாவையும் ஒரே மாதத்தில் பறிகொடுத்தவர் வேறு என்ன செய்வார்? "அவ கண்ண மூடுததுக்கு முன்னாடி கேட்டதே அந்த மரம் பூத்துட்டான்னுதான் அண்ணாச்சி," என்றார்.

"இந்தப் பழத்தத் தின்னு பாக்காமப் போனாங்களே, அதுவும் ஆண்டவன் செயலுங்க," என்று அர்த்தநாரி ஆறுதல் சொன்னார்.

திட்ட வந்த கங்காணி, குற்றவாளியாக எழுந்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் பத்துச் செடி வாங்கிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனார். இந்தத் தடவை விடாமல் கிள்ளப் போவதாகச் சத்தியம் வேறு.

அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்த செம்போடு நின்றுகொண்டிருந்தாள் கமலாத்தாள். அர்த்தநாரிக்கு ஒரே பெண். தோட்டத்தில் ஒட்டுக் கட்டுகிறதில் அவள் விரலுக்கு ஈடு கிடையாது. அவள் சீவின காயம் கண்ணாடி போட்ட மாதிரி பொருந்தும். நிஜத்தைக் கட்டினதும் அவள்தான், பொய்யைக் கட்டினதும் அவள்தான்.

"ஏனுங்கப்பா, பாவம், இந்தத் தடவையாச்சும் அவருக்குத் தாய் மரத்துச் செடியக் குடுத்திருக்கலாமுங்கல்ல?"

"எதுக்கு? அவரென்ன போலீசா?" என்றார் அர்த்தநாரி.

1970 தை மாதம் கமலாத்தாளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை காளிச்சாமி, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். அப்பன் இல்லை. அம்மா செல்லாத்தாள்தான் பண்ணயம் பார்த்தாள். எட்டு ஏக்கர் மேட்டுக்காடு, ஒரு கிணறு. அந்தம்மாள் நியாயஸ்தி. ஊரில் யாருக்காவது பாகப்பிரிவினை என்றால்கூட அவளைக் கூப்பிடுவார்கள். பெண் பார்க்க வந்தபோது சொன்னாள்:

"நகை நட்டெல்லாம் வேண்டாமுங் சம்பந்தி. போட்டா தேயும். சீருக்கு நூறு மல்கோவாச் செடி குடுங்க. என்ர காட்டுல தோப்பு வெச்சுக்கறோம். உங்க புள்ளயும் தான் கொண்டாந்த சொத்தப் பாத்துக்கிட்டு ஊட்டுல இருக்கட்டும்."

அர்த்தநாரிக்கு வாயெல்லாம் பல். பவுன் வாங்க வேண்டியதில்லை, தோட்டத்திலேயே சீர் முளைக்கிறது.

ஆனால் அந்த வருசத்து நூறும் புதிதாக மாறி வந்த இன்ஸ்பெக்டருக்குப் பேசியாகிவிட்டது. அவர் மனைவிக்கு மல்கோவா என்றால் உயிர் என்று ஏட்டு இரண்டு தடவை வந்து ஞாபகப்படுத்திவிட்டுப் போயிருந்தார். அர்த்தநாரி ஓர் இரவு புரண்டு படுத்தார் என்று சொன்னால் அது பொய். படுத்ததும் தூங்கிவிட்டார். காலையில் பல் விளக்கும்போதுதான் பெண்டாட்டி நாச்சம்மாளிடம் விஷயத்தைச் சொன்னார்.

"ஏனுங்க, நம்ம புள்ளைக்குப் போற செடி. அதுலயுமா?" என்றாள் நாச்சம்மாள்.

"இவ ஒருத்தி. மல்கோவான்னா காய்க்க ஏழு வருசம்னு சொல்லி வெச்சுக்கலாம். அதுக்குள்ள ரெண்டு பேரன் பொறந்துருவான். பேரன இடுப்புல வெச்சுக்கிட்டு நிக்கறவள எவன் வெளிய போகச் சொல்லுவான்?"

"இன்ஸ்பெக்டருக்குக் காட்டுச் செடியக் குடுத்துட்டு இதே கணக்கச் சொல்லறது?"

"அவனுக்குப் பேரன் பொறந்து எனக்கென்னடி ஆகுது?" என்று வாயைக் கொப்பளித்தார்.

கல்யாணத்தன்று நூறு சட்டியும் மஞ்சள் தடவி, வண்டி வண்டியாக மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பின. மேளம் முன்னே, செடி பின்னே. உறவுக்கார ஒறம்பரை எல்லாம் வண்டியை நிறுத்தித் தழும்பைத் தடவிப் பார்த்து, "மனுசன் வாரிக் குடுத்துட்டான் பாரு" என்றார்கள். கமலாத்தாள் மாலையும் கழுத்துமாக நின்று பார்த்தாள். ஒவ்வொரு கட்டும் அவள் போட்ட முடிச்சு. பரணில் ஏறாமல், தரையில் உட்கார்ந்து, காட்டுச் செடியோடு காட்டுச் செடியைச் சேர்த்துப் போட்ட முடிச்சு. யாருக்கோ என்று நினைத்துத்தான் போட்டிருந்தாள். அப்பனைப் பார்த்தாள். அவர் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தார்.

செடிகள் வளர்ந்தன. வளர்வதில் என்ன குறை? நாலாவது வருசம் ஆள் உயரத்துக்கு மேலே குடை பிடித்தன. பக்கத்துக் காட்டுக்காரன் வேறெங்கோ வாங்கி வைத்த ஒட்டு, இடுப்பளவு உயரத்தில் காய்த்துத் தொலைத்தது. இங்கே பச்சை பிடித்த இலைதான் இலை. கமலாத்தாளுக்கும் வயிறு திறக்கவில்லை. அர்த்தநாரியின் கணக்கில் வராத ஒரே விஷயம் அதுதான். கோயில், குளம், கோயம்புத்தூர் டாக்டர் எல்லாம் ஆயிற்று.

செல்லாத்தாள் கத்துகிற மாமியார் அல்ல. கத்துகிறவர்களிடம் ஒரு மூச்சு விடவாவது இடைவெளி கிடைக்கும். இவள் வருகிறவர்களுக்கெல்லாம் மருமகளை எதிரில் வைத்துக்கொண்டே நிதானமாக எடுத்துச் சொல்லுவாள். "என்ர மருமக தங்கமுங்க. வேலைக்குச் சளைக்க மாட்டா. அவளும் அவ அப்பன் மரமும் ஒண்ணு. தளதளன்னு நிக்கும், கண்ணுக்கு நெறவா இருக்கும். காய்க்கறது மட்டுந்தானுங்க கெடையாது."

வருகிறவர்கள் சிரிப்பார்கள். காளிச்சாமியும் சிரிப்பான். அம்மா சொன்னால் சிரிக்க வேண்டியது அவன் வேலை.

ஐந்தாவது வருசம் செல்லாத்தாள் சம்பந்தியை வரச்சொல்லி, இலை போட்டுச் சோறும் போட்டு, வெற்றிலையைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "வேலந்தாவளத்துல ஒரு புள்ளயப் பாத்து வெச்சிருக்குதுங்க. மயிலாத்தாள்னு பேரு. ஆனா நா அநியாயக்காரி இல்லீங். சீராக் கொண்டாந்த மரம் காய்க்கட்டும். மொதப் பழம் இனிச்சா, அவ கையில ராசி இருக்குதுன்னு இங்கயே இருக்கட்டும். வேற யாரையும் கொண்டார மாட்டேன். இல்லீன்னா நீங்க வந்து கூட்டீட்டுப் போயிருங்க."

நூறு காட்டு மாமரம் இனிக்க வேண்டும். அர்த்தநாரி வெற்றிலையை மடியில் செருகிக்கொண்டு தோப்புக்குள் போனார். அன்றைக்குத்தான் முதல்முறையாக, அந்தச் செடிகளில் இல்லாத மல்கோவாவை அவர் தேடினார். காய்த்தால் பெண் போச்சு. ஆகவே காய்க்கக் கூடாது. அவர் தொழில் முழுவதும் மரத்தைக் காய்க்க வைப்பது. இப்போது அதையே திருப்பிப் போட்டார்.

மாமரத்தைக் கார்த்திகை மார்கழியில் காயப்போட வேண்டும். வாடினால்தான் பூக்கும். அந்தச் சமயத்தில் தண்ணீரைக் காட்டினால் பூவுக்குப் பதிலாகத் தளிர்தான் வரும். இது மாமரக்காரன் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். மருமகனைத் தனியே கூப்பிட்டார்.

"மாப்ளே, மல்கோவா சொகவாசி. மார்கழிப் பனிக்கு நடுங்கும். விடியறதுக்கு முந்தி மரத்துக்கு ரெண்டு கொடம் ஊத்தச் சொல்லுங்க. ஒரு நா தவறக்கூடாது."

"யாரு மாமா ஊத்தறது? மோட்டாருக்குக் கரண்டு நட்டநடுப் பகல்லதான வருது."

"அதான் கமலா இருக்கறாளே."

கமலாத்தாளிடம் காளிச்சாமி போய், உங்கப்பன் இப்படிச் சொன்னார் என்றான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கயிற்றையும் குடத்தையும் எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். மார்கழிக் காற்றில் தண்ணீர் இறைத்து, ஈரச்சேலையோடு நூறு மரத்துக்கும் சுமந்தாள். வலது தோளில் தோல் உரிந்து காய்த்துப்போயிற்று. அடுத்த தையில் தோப்பில் ஒரு பூ இல்லை. எல்லா நுனியிலும் சிவப்புத் தளிர். அதற்கடுத்த வருசமும் அப்படியே. தேசத்தில் அவசரநிலை நடந்துகொண்டிருந்தது. அந்த நூறு மரங்களுக்கு மட்டும் ஓர் அவசரமும் இருக்கவில்லை. அர்த்தநாரி மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவள் தோளைப் பார்ப்பார். பார்த்துவிட்டு மரத்தின் நுனியைப் பார்ப்பார். நுனியில் தளிர் தெரிந்தால் நிம்மதியாகத் திரும்புவார்.

1976 ஐப்பசியில் மழை பொய்த்தது. மார்கழியில் கிணற்றில் குடம் முங்கத் தண்ணீர் இல்லை. மரங்கள் காய்ந்தன. காட்டு வேராச்சே, காய்ந்ததும் குஷி வந்துவிட்டது. தை பிறந்ததும் நூறும் தலைகொள்ளாமல் பூத்தன.

ஊர் முழுக்க மாரியம்மன் கோயிலில், பூ நிற்க வேண்டும், மூடுபனி விழக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் ஒருத்தராக அர்த்தநாரியும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பூ கருக வேண்டும் ஆத்தா, ஒரே ஒரு நல்ல மூடுபனி போதும், கெடா வெட்டுகிறேன். ஆத்தா அவருக்கும் காது கொடுத்தாள். பனி விழுந்தது. அவருடைய தாய் மல்கோவா ஒரு பிஞ்சு மிச்சமில்லாமல் கருகிற்று. கொழிஞ்சாம்பாறையில் காட்டு மரங்கள் பனியை உதறிவிட்டுப் பட்டாணி பட்டாணியாய்ப் பிஞ்சு பிடித்தன. கெடா என்ற சொல் மட்டும் காதில் விழுந்திருந்த பூசாரி, சொன்ன சொல் சொல்தான் என்று வந்து நின்றபோது, அர்த்தநாரி கொடுத்துத் தீர்க்க வேண்டியதாயிற்று.

வைகாசியில் முதல் பழம் உண்ண அழைப்பு வந்தது. அந்தப் பக்கத்தில் அது ஒரு முறை. சீராக வந்த மரம் முதன்முதல் பழுத்தால், பெண்ணைப் பெற்றவன் வந்து, ஒறம்பரை முன்னால் தன் கையால் பழத்தை அறுத்து, ஒரு துண்டு சாமிக்கு வைத்து, ஒரு துண்டு தானே தின்று, "இனிச்சுதுங்க" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்போதுதான் சீர் இறங்கினதாகக் கணக்கு.

போனார். போகாமல் இருக்க முடியுமா? வாசல் நிறைய ஆள். தலைவாழை இலை. கமலாத்தாள் தட்டில் பழத்தைக் கொண்டுவந்து வைத்தாள். நிறத்தில் ஒரு குறை சொல்ல முடியாது, மஞ்சளில் மஞ்சள். அப்பனுக்குக் கத்தியைக் கொடுத்துவிட்டுத் தூணோரம் போய் நின்றாள். மெலிந்திருந்தாள். அர்த்தநாரி அறுத்தார். கத்தி நாரில் சிக்கி நின்றது; விறகு அறுக்கிற மாதிரி முன்னும் பின்னும் இழுத்தார். சாமிக்கு ஒரு துண்டு. தன் வாயில் ஒரு துண்டு.

காது வரைக்கும் புளித்தது. பல்லிடுக்கெல்லாம் நார். கண்ணில் தண்ணீர் முட்டியது. முகத்தில் ஒரு நரம்பு அசையாமல், "இனிச்சுதுங்க" என்றார்.

பந்தியில் இருந்தவர்களும் தின்றார்கள். ஒரு நிமிசம் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒரு கிழவர் வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்து, "எனக்குப் பல் கூச்சமுங்க," என்று மரியாதையாகச் சொன்னார். குழந்தை ஒன்று வீறிட்டது.

செல்லாத்தாள் தன் துண்டை முழுவதும் மென்று விழுங்கினாள். நியாயஸ்தி அல்லவா. பிறகு கேட்டாள்: "ஏனுங் சம்பந்தி, இது உங்களுக்கு இனிப்புங்களா?"

வருசக்கணக்கான பழக்கம். அர்த்தநாரியின் வாய் அவரைக் கேட்காமலேயே திறந்தது. "ஒட்டுக்குக் கீழ துளிர் வந்துச்சுங்களா?"

"வந்திருக்குமுங்க."

"கிள்ளுனீங்களா?"

"எனக்கென்னுங்க தெரியும்? செடி வெச்ச நாளா அதப் பாத்துக்கறது உங்க புள்ளதான்."

எல்லாத் தலையும் தூணோரம் திரும்பிற்று. தான் எங்கே வந்து நிற்கிறோம் என்பது அர்த்தநாரிக்கு அப்போதுதான் புரிந்தது. அவருக்கு இரண்டு வழி இருந்தது. கிள்ளினால் என்ன, கிள்ளாவிட்டால் என்ன, அது மல்கோவாவே இல்லை என்று சொல்லலாம். சொன்னால் இந்த இருபது பேரும் நாளைக்கு நாலு ஊருக்குச் சொல்லுவார்கள். தழும்பைத் தடவி வாங்கின அத்தனை பேரும் வந்துவிடுவார்கள். இல்லையென்றால்—

"கிள்ளுனியா அம்மிணி?" என்றார்.

வாழை இலையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் கேட்டுவிட்டார்.

கமலாத்தாள் அவரைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்ததாக அவருக்குத் தோன்றியது. ஒரு மூச்சு நேரம்தான். "இல்லீங்கப்பா. மறந்துபோட்டேன்," என்றாள்.

"பாத்தீங்களா!" என்றார் அர்த்தநாரி. வாய் தவறி வந்த சந்தோசம் அது. உடனே முகத்தைச் சோகமாக்கிக்கொண்டார். "செடி மேல தப்பில்லீங்க."

"அப்ப செரி," என்றாள் செல்லாத்தாள். "சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குதுங்களே. சாப்புட்டுப்போட்டே கூட்டீட்டுப் போங்க. வெறும் வயித்தோட போகக் கூடாது."

போட்ட இலையை வீணாக்கக் கூடாது என்று எல்லோரும் சாப்பிட்டார்கள். கமலாத்தாள்தான் பரிமாறினாள். காளிச்சாமி இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கினான். பிறகு அவள் துணியை மூட்டை கட்டிக்கொண்டு வந்தாள். பெரிய மூட்டை ஒன்றும் இல்லை. நகை வேண்டாம் என்று அன்றே சொல்லிவிட்டதால் திருப்பிக் கொடுக்கிற தகராறுகூட இல்லாமல் காரியம் சுலபமாக முடிந்தது.

பஸ்ஸில் கூட்டமில்லை. அப்பனும் மகளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வெகுதூரம் போன பிறகு அர்த்தநாரி மெதுவாக ஆரம்பித்தார்.

"நீ என்ன பண்ணுவே. மறதி யாருக்கும் வரும்."

"அப்பா, அந்தக் கட்டு நாந்தானுங்க போட்டேன்."

அர்த்தநாரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "தெரிஞ்சுக்கிட்டா மார்கழில தண்ணி சொமந்தே?"

"நிறுத்துனா, எதுக்கு நிறுத்தறேன்னு கேப்பாங்களே."

"இன்னிக்காச்சும் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா, திருடன் மகள்னு அனுப்புவாங்க. மறந்துட்டேன்னா மறதிக்காரின்னு அனுப்புவாங்க. ரெண்டுக்கும் இதே பஸ்ஸுதானுங்க. நீங்க பொழைக்கணுமேன்னு பாத்தேன்."

எலப்புள்ளியில் இறங்கினார்கள். வீட்டில் நாச்சம்மாள் புருசன் முகத்தையும் மகள் மூட்டையையும் பார்த்துவிட்டு, உலையில் இன்னொரு பிடி அரிசியைப் போட்டாள். அன்றிலிருந்து அவள் புருசனுக்குச் சோறு போட்டாள், வெந்நீர் வைத்தாள், பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பதில் தனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை என்று அர்த்தநாரி பக்கத்துத் தோட்டத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் கேட்காமலேயே சொன்னார்.

ஆனி கடைசியில் காளிச்சாமி வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "மாமா," என்றான். வேறு எப்படிக் கூப்பிடுவதென்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. கமலாத்தாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுச் செம்பை அவளிடமே நீட்டினான்.

"அம்மா சொல்லியுட்டாங்க மாமா. ஆவணில எனக்கும் வேலந்தாவளத்துப் புள்ளைக்கும் கல்யாணம். அந்த மரத்தையெல்லாம் வெட்டி வெறகுக்குப் போட்டாச்சு."

"செரி."

"செடி மேல தப்பில்லேன்னு ஒறம்பரை முன்னால நீங்களே சொன்னீங்க. அதனால மறுபடியும் நூறு செடி குடுத்துட்டீங்கன்னா, வெட்டுன மரத்துக்கு ஈடாப் போயிரும், பேச்சுமில்லாமப் போயிரும்னு அம்மா சொன்னாங்க. புதுசா வர்றவ கருத்தானவ. விடாமக் கிள்ளுவாளாம்."

அர்த்தநாரி வாயைத் திறந்தார். இல்லை என்றால் ஏன் இல்லை என்ற கேள்வி வரும். செடி மேல் தப்பில்லாத மனிதருக்குச் செடி கொடுக்க என்ன தடை?

"அப்பறம் மாமா," என்று காளிச்சாமி எழுந்து நின்று சொன்னான். "மயிலாத்தாளோட அண்ணன் போலீசுல இருக்கறாரு. ஏட்டு. மாமரத்தப் பத்தி நல்லாத் தெரிஞ்சவராம். இலையக் கசக்கி மோந்தாலே சொல்லிப்போடுவாராம். அவருக்கு உங்க செடியப் பாக்கணும்னு ரொம்ப ஆசை."

காளிச்சாமி பயமுறுத்தவில்லை. அவனுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. அம்மா சொல்லியனுப்பியதைச் சொன்னான், அவ்வளவுதான். அவன் போனபின் அர்த்தநாரி தோட்டத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். மூன்றாவது சுற்றில் தாய் மரத்தடியில் நின்றார்.

"அம்மிணி."

கமலாத்தாள் வந்தாள்.

"இந்த நூறையும் தரையில கட்ட வேண்டாம். பரண் மேல ஏறு. தாய் மரத்துலயே கட்டிப்போடு."

அவள் அண்ணாந்து பார்த்தாள். பனியில் பூவெல்லாம் கருகினாலும் அந்த வருசம் மல்கோவா நிறையப் புதுக்கிளை விட்டிருந்தது. தடிமனும் நிறமும் ஒட்டுக்கென்றே அளவெடுத்துச் செய்த மாதிரி. அவளுடைய கல்யாண வருசத்தில் இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் போன கிளைகள்கூட இத்தனை வாளிப்பாக இல்லை.

"ஆவணிக்குள்ள ஒட்டாதுங்களே," என்றாள்.

"ஒட்டினதும் ஐப்பசில அனுப்பறேன்னு சொல்லிக்கலாம். சும்மா மளமளன்னு ஏறு."

நாச்சம்மாள் அடுப்படியிலிருந்து வந்து வாசற்படியில் நின்றாள். புருசனைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பேசுவதில்லை என்று வைத்துக்கொண்ட வைராக்கியம் ஞாபகம் வந்து, உள்ளே போய்விட்டாள்.

கமலாத்தாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பரணில் ஏறினாள். உரிந்து காய்த்த தோளில் மூங்கில் இடித்தபோது ஒரு கணம் நின்று, மறுபடி ஏறினாள். வேர் நன்றாக இறங்கிய சட்டிகளாகப் பார்த்துப் பார்த்து எடுத்துத் தரச்சொன்னாள். கோணல் தண்டு இரண்டைத் திருப்பிக் கொடுத்தாள். கிளையைச் சீவினாள், செடியைச் சீவினாள், சேர்த்தாள். நடுவில் நூல் நுழையாது.

"நூறுதானுங்களே சொன்னாரு?"

"நூறுதான்."

"நூத்தஞ்சாக் கட்டறேனுங்க. வண்டில போறப்ப ஒண்ணு ரெண்டு ஒடிஞ்சாலும் அந்தப் புள்ளைக்குக் கொறயக் கூடாது," என்று கையைக் கீழே நீட்டினாள்.

அர்த்தநாரி அடுத்த சட்டியை எடுத்துக் கொடுத்தார்.